சித்திரை வெயிலில் ஓவர்கிளாக்: லேப்டாப் காட்டும் அறிகுறிகளும் செய்ய வேண்டியதும்

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் எங்கள் வீடு. மாடியில் தகர ஷீட் போட்ட ஒரு அறை, ஏப்ரல் மதியம் இரண்டரை மணிக்கு அதற்குள் தெர்மாமீட்டர் 39 காட்டும். அந்த அறையில் உட்கார்ந்துதான் லேப்டாப்பை ஓவர்கிளாக் பண்ண (சிப்பைக் கம்பெனி வைத்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்ட) கற்றுக்கொண்டேன், அதாவது எதையெல்லாம் கெடுக்கலாம் என்று கற்றுக்கொண்டேன். வீடியோவில் பேசிய ஆள் ஏசி அறையில் 22 டிகிரியில் உட்கார்ந்து "85 தான் போகுது, பயமே இல்லை" என்றார். அதை நம்பி அவர் போட்ட எண்களையே நானும் போட்டேன். அறை 17 டிகிரி கூடினால் சிப்பும் ஏறத்தாழ அதே 17 கூடும் என்பது அப்போது உறைக்கவில்லை. 85ம் 17ம் 102. இன்டெல்லின் பெரும்பாலான லேப்டாப் சிப்புகளுக்கு மேல்வரம்பு 100 டிகிரி, ஏஎம்டியில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105. ஆக, ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட ஏற்றும் முன்பே எனக்கு இடம் தீர்ந்திருந்தது.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்ப அலை என்றே அறிவித்தார்கள். ஆனால் இதே ஊரில் ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது அறை 27க்கு இறங்கிவிடும், லேப்டாப் திடீரென்று திருந்திவிட்ட மாதிரி நடிக்கும். ஆடியில் சோதித்துப் பார்த்த செட்டிங்கை சித்திரைக்கும் வைத்துக்கொள்வதுதான் நம் பக்கத்தில் நடக்கிற முதல் தப்பு. சோதனை பண்ணுவதாக இருந்தால் விஷு லீவில் மத்தியானம் பண்ணுங்கள், அதில் தேறினால் வருஷம் முழுக்கத் தேறும்.

லேப்டாப்பில் ஓவர்கிளாக் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மூன்று காரியம்தான். ஆப்டர்பர்னர் மாதிரி ஒரு மென்பொருளில் கிராபிக்ஸ் சிப்பின் கோர், மெமரி வேகத்தை ஏற்றுவது, சிபியூ எனும் பிரதான சிப்பின் பவர் லிமிட்டை (எத்தனை வாட் வரை இழுக்கலாம் என்ற வரம்பை) ஏற்றுவது, அப்புறம் கம்பெனியே கொடுத்திருக்கும் டர்போ மோடை எந்நேரமும் போட்டு வைப்பது. சிபியூவின் பெருக்கியை (அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணை) நேரடியாக ஏற்றுவது எல்லாருக்கும் கிடைக்காது. பெயரின் கடைசியில் ஹெச்.கே. அல்லது ஹெச்.எக்ஸ். என்று வரும் சில இன்டெல் சிப்புகளில்தான் அந்தப் பூட்டு திறந்திருக்கும். எதை ஏற்றினாலும் கணக்கு ஒன்றுதான்: சூடு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகவும் கூடும். வேகம் 10 சதவீதம், வோல்டேஜ் 10 சதவீதம் ஏற்றினால் சூடு 33 சதவீதம் கூடுகிறது. டெஸ்க்டாப்பில் அந்த 33ஐத் தாங்க ஒரு செங்கல் அளவு ஹீட்சிங்க் (சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகம்) இருக்கும். நம்மிடம் இருப்பது விரல் தடிமனில் இரண்டு செம்புக் குழாய், தீப்பெட்டி உயரத்தில் இரண்டு ஃபேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் தொடங்கும் முன் இரண்டு வேலை. வெப்பநிலையும் வேகமும் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளைப் போட்டு லாக் (பதிவு) எழுத வையுங்கள், நடந்தது என்ன என்று அப்புறம் உட்கார்ந்து படிக்கலாம். இரண்டாவது, ஏற்றியதையெல்லாம் பழையபடி இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அறிகுறி போய்விட்டால் குற்றவாளி ஓவர்கிளாக். போகவில்லை என்றால் மெஷினுக்கு முன்பே ஏதோ நோவு இருக்கிறது, ஓவர்கிளாக் அதை வெளியே கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

டச்பேட் தூக்கி நிற்கிறது, மூடி சரியாகச் சேரவில்லை, அடிப்பக்கம் வயிறு மாதிரி இருக்கிறது

இதை முதலில் வைக்கக் காரணம், இந்த ஒன்றில் மட்டும் சோதனை கீதனை எதுவும் கிடையாது. லேப்டாப்பை அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது. உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்ந்ததால்தான் அந்தப் பை ஊதி நிற்கிறது. அதைச் சிதைக்கிற இரண்டு பேர், சூடும் முழு சார்ஜும். ஓவர்கிளாக் பண்ணி கேம் விளையாடுகிறவர் லேப்டாப் எப்போதும் சார்ஜரில் இருக்கும், அதனால் பேட்டரி எப்போதும் 100 சதவீதத்தில் இருக்கும், பக்கத்திலேயே சிபியூ கொதித்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் அமைந்துவிடுகிறது. லித்தியம் அயான் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்குள்தான் சார்ஜ் பண்ண வேண்டும் என்பார்கள். 39 டிகிரி அறையில் லேப்டாப்பின் வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அத்தை பையன் இதை இரண்டு மாதம் கவனிக்கவே இல்லை. "மாமா, க்ளிக் பண்ணறதுக்குக் கொஞ்சம் கெட்டியா இருக்குங்க" என்று மட்டும் சொன்னான். கழற்றிப் பார்த்தால் மூன்று செல்லும் தலையணை. பாலக்காட்டுக் கடைக்காரர் கையில் வாங்கக்கூட இல்லை, தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு "வீர்த்து, வீர்த்து (உப்பிவிட்டது), மேசைமேல் வைக்காதே" என்று வாசலுக்கு அனுப்பினார். அவர் செய்தது சரி.

உப்பிய பேட்டரியை அமுக்கி உள்ளே தள்ளாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றாதீர்கள் (இதைச் செய்யச் சொல்லும் வீடியோ ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்), ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அடிமூடியைக் கழற்றத் தெரிந்தால், பிளாஸ்டிக் பட்டியால் பொறுமையாக நெம்பி எடுத்து, வெயில் படாத திண்ணையில் மணல் போட்ட மண்சட்டியில் வையுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. தெரியாவிட்டால் லேப்டாப்பை அப்படியே சிமென்ட் தரையில் வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது, மின்கழிவு வாங்கும் கடையில் கொடுக்க வேண்டும். 2022ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி விற்ற கம்பெனிக்கும் திரும்ப வாங்கும் பொறுப்பு உண்டு.

புகையோ சீறலோ வந்துவிட்டால் லேப்டாப்பைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, மெயின் கைக்கு எட்டினால் அணைத்துவிட்டு, 101க்குப் போன் போடுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், முகர்ந்து பார்க்கிற வாடை அல்ல. ஒருமுறை அணைந்த பிறகும் பக்கத்து செல் மறுபடி பற்றும்.

புது பேட்டரி போட்டதும் முதல் வேலையாக கம்பெனி ஆப்பிலோ பயாஸிலோ (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை செட்டிங்கில்) சார்ஜ் வரம்பை 60 அல்லது 80க்கு வையுங்கள். இந்த ஒரு செட்டிங் தருகிற பலனை நான் போட்ட எந்தக் கூலிங் பேடும் தந்ததில்லை.

கருகல் வாடை, அல்லது மீன் கெட்ட வாடை

வாடை எங்கிருந்து என்று பிரியுங்கள். சார்ஜர் பெட்டியா, சுவர் ப்ளக்கா, லேப்டாப்பா? வாடை வந்ததும் மெயினை அணைத்துவிட்டுத்தான் முகர வேண்டும். மீன் கெட்ட மாதிரி ஒரு வாடை சூடேறிய பிளாஸ்டிக், இன்சுலேஷனிலிருந்து வரும். எங்கள் வீட்டில் அம்மா இரண்டு நாள் பூனையைத் திட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திருப்பிப் பார்த்தால் ஒரு துளை பழுப்பாகி உருகியிருந்தது. 230 வாட் சார்ஜர், அதே பாக்ஸில் மேசை ஃபேன், கூடவே மானிட்டர், துளையோ லொடலொட. லோடு ஒன்றும் பெரிதில்லை, தளர்ந்த தொடர்புதான் சூடாகிறது. கனமான சார்ஜரை நேராக சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள், ப்ளக் ஆடினால் சாக்கெட்டை மாற்றுங்கள்.

சார்ஜர் பெட்டி கையில் பிடிக்க முடியாத அளவு கொதித்தால் அது அதன் அளவுக்கு மேல் வேலை செய்கிறது, அல்லது போலி. வெளியே ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) எண்ணும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் லேப்டாப்புக்கு 2013லிருந்து அது கட்டாயம், அடாப்டருக்கு அதற்குப் பிறகு வந்தது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் சார்ஜர் அதே வாட்டுக்கு அதிக கரண்டை இழுக்கும், அதனால் அதே கேமுக்கு இரவு எட்டு மணிக்குக் கூடுதலாகச் சுடும். பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஒரு ரீங்காரமும் சேர்ந்து வரும். கரண்ட் போனால் கேமை நிறுத்திவிடுங்கள். சார்ஜரை மெத்தைமேல் போடாதீர்கள், பாய்க்கு அடியில் ஒயரை விடாதீர்கள்.

லேப்டாப்பிலிருந்தே வாடை வந்தால் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். சிபியூ அருகே இருக்கும் மின்சாரப் பகுதியில் மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் குட்டி சிப்) ஒன்று போயிருக்கலாம், இரண்டாவது முறை ஆன் பண்ணும்போது அது பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும்.

மெட்டல் மேல் கை வைத்தால் சுருக் சுருக் என்கிறது

இது ஓவர்கிளாக்கால் வருவதில்லை, ஆனால் ஓவர்கிளாக் பண்ணும்போதுதான் எல்லாரும் கவனிக்கிறார்கள், ஏனென்றால் அப்போதுதான் சூடு இருக்கிறதா என்று கையை வைத்து வைத்துப் பார்க்கிறோம். சார்ஜருக்குள் இரைச்சலைக் குறைக்க இருக்கும் கெபாசிட்டர் வழியாகத் துளி கரண்ட் பாடிக்குக் கசியும். மூன்று பின் ப்ளக்கில் எர்த் ஒழுங்காக இருந்தால் அது தரைக்குப் போய்விடும். மூன்று பின்னை இரண்டு பின் மாற்றியில் செருகியிருக்கிறோம், அல்லது பழைய வீட்டில் எர்த் துளை வெறும் அலங்காரத்துக்கு இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். சுருக் என்பதோடு நின்றால் எர்த்தைச் சரிபண்ணச் சொல்லுங்கள். உதறித் தள்ளினால் சார்ஜரின் இன்சுலேஷன் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே தூக்கி எறியுங்கள்.

கேம் முதலில் பறக்கிறது, கொஞ்ச நேரத்தில் நொண்டுகிறது

பத்துக்கு எட்டுப் பேர் வருவது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாக.

எத்தனை நேரத்தில் நொண்டுகிறது என்று முதலில் பாருங்கள். அரை நிமிஷம், ஒரு நிமிஷத்தில் வேகம் ஒரு படி இறங்கி அதே இடத்தில் நிலையாக நின்றால் அது நோயே அல்ல. இன்டெல் சிப்புகளில் குறுகிய நேரத்துக்கு ஒரு பவர் லிமிட், நீண்ட நேரத்துக்கு ஒரு பவர் லிமிட் என்று இரண்டு உண்டு. 28 அல்லது 56 விநாடி போல மேல் அளவில் ஓடிவிட்டு, அப்புறம் உதாரணத்துக்கு 45 வாட்டுக்கு இறங்கும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் பலர் "பவர் லிமிட்டை அவிழ்த்துவிடுகிறேன்" என்று த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளைத் திறந்து 45ஐ 90 ஆக்குகிறார்கள். ஹீட்சிங்க் அதே ஹீட்சிங்க்தானே? நேற்று வரை பவர் லிமிட்டில் இடித்துக்கொண்டிருந்தது, இன்று சூட்டில் இடிக்கிறது. கிடைக்கும் வேகம் கிட்டத்தட்ட அதே, கீபோர்டு மட்டும் தோசைக்கல்.

ஐந்து, பத்து நிமிஷம் கழித்துத் தொடங்கி, வேகம் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் அதுதான் சூட்டுத் தடை. ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் "யெஸ்" என்று சிவப்பாக இருக்கும். கிராபிக்ஸ் பக்கம் பல லேப்டாப்களில் 87 டிகிரி அருகே இதே இழுபறி நடக்கும். பெரும்பாலான மாடல்களில் சிபியூவும் கிராபிக்ஸும் ஒரே செம்புக் குழாயில் குடித்தனம் நடத்துகின்றன, அதனால் நீங்கள் கிராபிக்ஸை ஏற்றியிருப்பீர்கள், நொண்டுவது சிபியூவாக இருக்கும்.

சரி, என்ன செய்வது? செலவில்லாததில் இருந்து வாருங்கள். பின்பக்கம் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடியை வைத்துத் தூக்குங்கள். அடியில் காற்று போக இரண்டு சென்டிமீட்டர் கிடைத்தாலே சில டிகிரி இறங்கும். கேமில் ஃப்ரேம் வரம்பை 60க்குப் பூட்டுங்கள், 110 ஓடிக்கொண்டிருந்தது என்றால் சூடு பாதியாகத் தெரியும். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் சிபியூவின் அதிகபட்ச நிலையை 99 சதவீதம் என்று போட்டால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும், வெப்பநிலை சட்டென்று 15, 20 டிகிரி விழுவதைப் பார்க்கலாம். விளையாட்டு அப்படியே ஓடுகிறது, நொண்டலும் போய்விட்டது என்றால், ஏற்றியதெல்லாம் எதற்கு என்று அங்கேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது தூசி. நம் பக்கத்துத் தூசி தனி ரகம். மார்கழி, தையில் கணவாய் வழியாக வரும் கிழக்கன் காற்றோடு செம்மண், அத்தோடு நார் மில்லில் இருந்து பறக்கும் தேங்காய் நார்த் தூள். இரண்டும் சேர்ந்து ஃபேனுக்கும் ஹீட்சிங்க் சீப்புக்கும் இடையே ஒரு குட்டிப் பாய் பின்னிவிடும். வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் அந்தப் பாய் இன்னும் இறுகும். அடிமூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஃபேனைத் தூக்கி, பாயை விரலால் உரித்து எடுக்க வேண்டும். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கை சுற்றாமல் பல்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போகும். எனக்கு ஒருமுறை இதில் மட்டும் 11 டிகிரி இறங்கியது, ஒரு ரூபாய் செலவில்லை.

அதற்குப் பிறகுதான் பேஸ்ட், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூடு கடத்தப் பூசுவது. லேப்டாப் சிப்பின் மேல் மூடி கிடையாது, கண்ணாடி மாதிரி வெறும் சிலிக்கான். சூடேறி ஆறும்போதெல்லாம் பேஸ்ட் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுவில் வெறிச்சோடிவிடும். அதனால்தான் நல்ல பேஸ்ட் போட்டும் நாலு மாதத்தில் பழைய கதையாகிறது. ஹனிவெல்லின் பிடிஎம் 7950 என்ற ஷீட் இதற்குப் பரவாயில்லை, 45 டிகிரிக்கு மேல் இளகி இடுக்கை நிரப்பும், ஆறினால் அங்கேயே நிற்கும். லிக்விட் மெட்டல் பக்கம் வீட்டில் போகாதீர்கள் என்பது என் பிடிவாதமான அபிப்பிராயம். கேலியம் கலவை அது, மின்சாரம் கடத்தும், ஒரு துளி போர்டில் வழிந்தால் ஷார்ட். அலுமினியத்தில் பட்டால் அதை அரித்துத் தின்றுவிடும். தொழிற்சாலையில் அதைப் போட்டு விற்கிறார்களே என்றால், அவர்கள் சிப்பைச் சுற்றி வேலி கட்டிவிட்டுப் போடுகிறார்கள்.

செய்யக் கூடாதது ஒன்று: அடியில் ஈரத்துணி. எங்கள் தெருவிலேயே பார்த்தேன், மண்பானைக்குச் சுற்றுகிற மாதிரி நனைத்த துண்டை மடித்து அதன்மேல் லேப்டாப். ஃபேன் அந்த ஈரத்தை உள்ளே இழுக்கும். பானைக்கு உதவுவது போர்டுக்கு உதவாது.

சூடே இல்லை, ஆனால் வேகம் 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டது

மவுஸ் நகர்வதற்கே பிரார்த்தனை பண்ண வேண்டியிருக்கும். வெப்பநிலை பார்த்தால் 55. இது சிப் தானாகச் செய்வதில்லை, போர்டு அதன் காதில் "மெதுவாகப் போ" என்று சொல்கிறது. பிடி ப்ராக்ஹாட் என்று த்ராட்டில்ஸ்டாப்பில் தெரியும். சார்ஜரை போர்டு அடையாளம் காணவில்லை (நடுவில் ஊசி மாதிரி பின் இருக்கும் சார்ஜர்களில் அந்தப் பின் வளைந்திருக்கும்), பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது, அல்லது மின்சாரப் பகுதி சூடாகிவிட்டது. சார்ஜரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அந்த டிக்கை எடுத்துவிட்டால் வேகம் வந்துவிடும் என்று பலர் சொல்வார்கள், வரவும் செய்யும். ஆனால் போர்டு எதற்காகக் கத்தியது என்று தெரியாமல் வாயைப் பொத்துகிறோம். கோளாறு சென்சாரில்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய அதை எடுக்காதீர்கள்.

நீலத்திரை, உறைந்து நிற்பது

லாக்கின் கடைசி வரிகளைப் பாருங்கள். 70 டிகிரியில் விழுந்திருந்தால் சூட்டைத் திட்டாதீர்கள், கேட்ட வேகத்துக்கு வோல்டேஜ் பற்றவில்லை. அண்டர்வோல்ட் (வோல்டேஜை இறக்குவது) அதிகம் பண்ணியவர்களுக்கும் இதே கதிதான், அதுவும் கேமில் விழாது, பிரவுசர் திறந்து சும்மா இருக்கும்போது விழும். 95க்கு மேல் விழுந்திருந்தால் கேம் நொண்டுகிற பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

திரையில் "க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்" என்று வந்தால் பெரும்பாலும் சிபியூ. டபிள்யூ.ஹெச்.ஈ.ஏ. என்று தொடங்கினால் வன்பொருள் பிழை. இந்த இரண்டாவதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. நீலத்திரை வரும் முன்பே விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் டபிள்யூ.ஹெச்.ஈ.ஏ. லாகர் என்ற பெயரில் 19ஆம் எண் எச்சரிக்கை சேர்ந்துகொண்டிருக்கும், பிழை வந்தது, சரிசெய்துகொண்டேன் என்று. மெஷின் நன்றாகத்தானே ஓடுகிறது என்று நாம் இருப்போம், அது அங்கே நூறு முறை தடுமாறி எழுந்திருக்கும். ஓவர்கிளாக் பண்ணிய மறுநாள் அங்கே ஒரு எட்டுப் பாருங்கள். தடுமாறும் சிபியூ கோப்புகளையும் கெடுக்கும். ப்ராஜெக்ட், போட்டோ எல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது என்றால் வேறு இடத்தில் நகல் எடுத்துவைக்காமல் இந்த விளையாட்டே வேண்டாம்.

ப்ளக்கைப் பிடுங்கின மாதிரி பட்டென்று அணைகிறது

ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருக்கும், அதைப் பார்த்து ஒன்றும் புரியாது, முறையாக அணைக்கப்படவில்லை என்பதுதான் அதன் மொத்தச் செய்தி. மறுபடி லாக்தான் கதி. வெப்பநிலை ஏறி ஏறி வரம்பைத் தாண்டியிருந்தால் சிப்பின் கடைசிக் காவல் வேலை செய்திருக்கிறது, ஒரு ஃபேன் நின்றிருக்க வாய்ப்பு அதிகம், காது வைத்துக் கேளுங்கள். வெப்பநிலை 80ல் இருக்க, சிபியூவும் கிராபிக்ஸும் சேர்ந்து முழுவீச்சில் போன நொடியில் அணைந்தால் சார்ஜர் கையை உதறியிருக்கிறது, அல்லது துணைக்கு வர வேண்டிய பேட்டரி தள்ளாடுகிறது. ஏற்றிய பவர் லிமிட்டை இறக்கினால் நிற்கும்.

இதனோடு சேர்ந்ததுதான் சார்ஜரில் இருக்கும்போதே பேட்டரி குறைவதும். லேப்டாப் 210 வாட் கேட்கிறது, சார்ஜர் 180 வாட், மீதியை பேட்டரி கொடுக்கிறது. அரை மணி நேரத்தில் 100 என்பது 85 ஆனால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சூட்டின் நடுவில் பேட்டரி தினமும் இறங்கி ஏறுகிறது, முதல் பகுதியில் சொன்ன தலையணை இப்படித்தான் வருகிறது.

திரையில் புள்ளி, கட்டம், கலர் கோடு

கிராபிக்ஸ் மெமரியை அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறீர்கள். மெமரியை 100 மெகாஹெர்ட்ஸ் இறக்கிப் பாருங்கள். திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வந்தால் டிரைவர் விழுந்து எழுந்திருக்கிறது. கிராபிக்ஸ் சிப் 2 விநாடி பதில் சொல்லவில்லை என்றால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பும். இறக்கிய பிறகும், ஏன், லேப்டாப் ஆன் ஆகி லோகோ வரும்போதே புள்ளிகள் இருந்தால் சிப்போ அதை போர்டில் பிடித்திருக்கும் அடி ஒட்டோ (சால்டர்) போய்விட்டது. ஹீட் கன் வைத்துச் சூடேற்றி உயிர்ப்பிக்கும் வைத்தியம் சில வாரம் தாங்கும், அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

2015 வாக்கில் என்விடியா லேப்டாப் சிப்புகளில் ஓவர்கிளாக்கை டிரைவரிலேயே பூட்டியது, ஆட்கள் சத்தம் போட்டதும் திறந்துவிட்டது. அப்போது நானும் சத்தம் போட்ட கூட்டத்தோடு மனசால் சேர்ந்திருந்தேன். இப்போது கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன்.

பயாஸில் ஏதோ மாற்றியபின் திரையே வரவில்லை

சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 30, 40 விநாடி அழுத்திப் பிடியுங்கள். வரவில்லை என்றால் அடிமூடி திறந்து பெரிய பேட்டரியையும் நாணய பேட்டரியையும் பத்து நிமிஷம் கழற்றி மாட்டுங்கள். பல மாடல்களில் பயாஸ் பழைய நிலைக்கு வரும். அதற்கும் அசையாவிட்டால் பயாஸ் சிப்பில் புரோகிராமர் என்ற கருவி வைத்து எழுதத் தெரிந்தவர் வேண்டும், கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் கிடைப்பார்கள்.

அண்டர்வோல்ட் பண்ணலாம் என்று போனால் அந்த ஸ்லைடர் சாம்பல் நிறத்தில் இருக்கிறது

உங்கள் தப்பு இல்லை. 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. வோல்டேஜை மென்பொருளால் இறக்கி சிப்பைத் தப்புக் கணக்குப் போடவைத்து ரகசியங்களை எடுக்கலாம் என்று காட்டினார்கள். அதன்பின் பல கம்பெனிகள் பயாஸ் அப்டேட்டில் அந்த வசதியைப் பூட்டிவிட்டன. பழைய பயாஸுக்கு இறக்கினால் திறக்கும், ஆனால் அந்த ஓட்டையும் கூடவே திறக்கும். கிராபிக்ஸ் பக்கம் இந்தப் பூட்டு பெரும்பாலும் இல்லை. ஆப்டர்பர்னரில் கன்ட்ரோல் எஃப் அடித்தால் வோல்டேஜ் வளைகோடு வரும். அதில் அதே வேகத்தைக் கொஞ்சம் குறைந்த வோல்டேஜில் பிடித்துவைப்பதுதான் நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற ஓவர்கிளாக். வர்க்கக் கணக்கு இந்த முறை நம் பக்கம் வேலை செய்யும்.

தொடையில் வலைப்பின்னல் மாதிரி பழுப்புக் கோடு

லேப்டாப்பை மடியில் வைத்து விளையாடுகிறவர்களுக்கு வருவது. தீக்காயம் மாதிரி எரியாது, அதனால்தான் தெரியாமல் போகிறது. 2010ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர டாக்டர்கள் 12 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். தினமும் மணிக்கணக்கில் மடியில் வைத்து விளையாடியிருக்கிறான், இடது பக்கம் அதிகம் சுடுகிறது என்று தெரிந்தும் இடத்தை மாற்றவில்லை, இடது தொடையில் மட்டும் கோடு. குளிர் தேசத்தில் சாதாரண லேப்டாப்பில் நடந்தது அது. நம் பையன்கள் லுங்கியோடு திண்ணையில் உட்கார்ந்து டர்போ மோடில் ஓட்டுகிறார்கள். லேப்டாப்பை மேசைக்கு மாற்றினால் நிறம் பல மாதத்தில் மெல்ல மங்கும். மங்காவிட்டால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

என் லேப்டாப் இப்போது கிராபிக்ஸ் கோர் 75 மெகாஹெர்ட்ஸ் ஏற்றம், வோல்டேஜ் இறக்கம், சிபியூ டர்போ இல்லை, சார்ஜ் வரம்பு 60. பங்குனி பிறந்ததும் அந்த 75ஐயும் எடுத்துவிடுவேன், ஆடியில் காற்று அடிக்க ஆரம்பித்ததும் திரும்பப் போடுவேன். அத்தை பையன் இதைப் பார்த்து, "ஏனுங் மாமா, ஏர் கூலரைப் பரண்ல ஏத்தி எறக்கற மாதிரியில்ல இருக்கு" என்கிறான்.